பேட்டரி வாங்குமுன் மீட்டரைக் கேளுங்கள்

கேள்வி: எங்களுடையது பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலை. கரண்ட் பில்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டிமாண்ட் சார்ஜாகவே போகிறது. 100 கிலோவாட் பேட்டரி வைத்தால் இறங்கிவிடும் என்கிறார் விற்பனையாளர். நம்பி வாங்கலாமா?

பதில்: அவர் சொல்வது பொய்யில்லை, பாதிதான். 100 கிலோவாட் என்றாரே, எத்தனை யூனிட் என்று சொன்னாரா? கிலோவாட் என்பது உச்ச நேரத்தில் பேட்டரி எவ்வளவு லோடைத் தாங்கும் என்பது; யூனிட் என்பது அதில் சேமித்திருக்கும் மின்சாரம், அதாவது எவ்வளவு நேரம் தாங்கும் என்பது. பேட்டரியின் விலையைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த யூனிட்தான்.

மீட்டர் 15 நிமிடத்துக்கு ஒருமுறை (சில இடங்களில் 30) சராசரி எடுக்கிறது. மாதத்திலேயே உயர்ந்த சராசரி எதுவோ, அதை வைத்துத்தான் பொதுவாக டிமாண்ட் சார்ஜ். ஒரு நாள் காலையில் பிசகினாலும் மாதம் முழுக்கத் தண்டம். மோட்டார் கிளம்பும்போது ஆறேழு மடங்கு கரண்ட் இழுக்கிறதே என்று பலர் பயப்படுகிறார்கள். அது சில நொடி சமாச்சாரம், சராசரியில் கரைந்துவிடும்.

ஆகவே முதலில் மீட்டரிலிருந்து ஒரு வருட லோடு பதிவை எடுத்து, உச்சம் எத்தனை நேரம் நிற்கிறது என்று பாருங்கள். முக்கால் மணி நேரம் என்றால், 100 கிலோவாட் குறைக்க 75 யூனிட் போதும். பேட்டரியை அடிவரை காலி செய்யக் கூடாது, வருடம் ஆக ஆகக் கொள்ளளவும் குறையும். 90 சதவீதம்தான் பயன்படுத்துவோம், கடைசிக் காலத்தில் 80 சதவீதம்தான் மிஞ்சும் என்று வைத்தால் 104 யூனிட் பேட்டரி வேண்டும். அதே உச்சம் நான்கு மணி நேரம் நின்றால்? ஏறக்குறைய 555 யூனிட்! மிச்சமாவது என்னவோ அதே 100 கிலோவாட்தான். கூம்பு மாதிரி உச்சம் என்றால் வாங்குங்கள். மேடை மாதிரி என்றால் விற்பனையாளருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உங்கள் தொழிலில் எனக்கு முதலில் சந்தேகம் வருவது ஹீட்டர்கள் மேல். ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லா மெஷின் பேரலையும் (பிளாஸ்டிக்கை உருக்கும் உருளை) ஒரே நேரத்தில் சூடேற்றுகிறீர்களா? வரிசையாகப் போட ஒரு டைமர் போதும். கேவிஏ (மொத்தமாக இழுக்கும் மின்சக்தி) கணக்கில் பில் வருகிறதென்றால் பவர் ஃபேக்டரையும் (அதில் உண்மையாக வேலைக்குப் பயன்படும் பங்கு) பாருங்கள். 400 கிலோவாட் லோடு 0.85-ல் ஓடினால் 470 கேவிஏ, 0.98-க்கு ஏற்றினால் 408. பவர் ஃபேக்டரை ஏற்றும் கெப்பாசிட்டர் பேனல் செய்கிற வேலைக்குப் பேட்டரி எதற்கு?

இதெல்லாம் செய்த பிறகும் கூம்பு நின்றால், அந்தப் புதிய பதிவை வைத்துப் பேட்டரி அளவைக் கணக்கிடச் சொல்லுங்கள். லோடு எதைத் தாண்டினால் பேட்டரி உதவிக்கு வர வேண்டும் என்று கன்ட்ரோலரில் வைக்கும் வரம்பைப் பேராசையாக இறக்காதீர்கள். 400 கிலோவாட்டில் நிறுத்த வேண்டியதை 370-க்கு வைத்தால், உச்சம் முடியுமுன் பேட்டரி தீர்ந்து, மீதி நேரத்தில் லோடு பழைய உச்சத்துக்கே ஏறி மீட்டரில் பதிவாகிவிடலாம். திரும்ப சார்ஜ் ஏறும்போதும் அதே வரம்பைத் தாண்டாதபடி பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேட்டரியே புது உச்சத்தை உண்டாக்கும். உச்சம் குறையாத மாதத்துக்கு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.