அரேபியாவில் அரபி அல்லாத வேறு மொழி பேசும் மலைவாழ் மக்கள் உண்டா? அவர்கள் முஸ்லிம்களா?

உண்டு, முஸ்லிம்கள்தான். இரண்டு கேள்விக்கும் சுருக்கமான பதில் அவ்வளவுதான். ஆனால் இதே கேள்விக்கு இணையத்தில் கிடைக்கிற “உலகம் அறியாத மர்மப் பழங்குடி” வகைப் பதில்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஓமான் நாட்டின் தெற்குக் கோடியில் தோஃபார் மாகாணம். அதன் தலைநகர் சலாலா. நகரத்துக்குப் பின்னால் கிழக்கிலிருந்து மேற்காக சம்ஹான், கரா, கமர் என்று மூன்று மலைத்தொடர்கள். அங்கே இருப்பவர்களை ஊரில் எல்லோரும் ஜபாலி என்பார்கள், மலைக்காரர் என்று அர்த்தம். நான் சலாலாவில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தண்ணீர் டேங்க், கம்பிவலை, தகரம், மாட்டுத் தொட்டி எல்லாம் வாங்க எங்கள் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இவர்கள்தான். லேண்ட் க்ரூசரில் வருவார்கள், கடன் சொல்வார்கள், சொன்ன தேதிக்குச் சரியாகக் கொடுத்தும் விடுவார்கள். என்னிடம் அரபியிலும் உடைந்த இந்தியிலும் பேசிவிட்டு, அப்படியே பக்கத்தில் நிற்பவரிடம் திரும்பி வேறொன்றில் பேசுவார்கள். அந்த வேறொன்றுதான் நீங்கள் கேட்ட மொழி.

மொழிக்குப் பிறகு வருகிறேன், முதலில் மலை. கேரளாவில் கொட்டுகிற அதே தென்மேற்குப் பருவக்காற்றின் ஓரம் இந்த மலைகளில் வந்து முட்டுகிறது. ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை, இதை கரீஃப் என்பார்கள். மழை என்று சொல்ல மனசு வராது, தூறலும் மூடுபனியும்தான். மலையில் உள்ள மரங்கள் அந்தப் பனியை இலையில் பிடித்துத் தரையில் சொட்டவிடுகின்றன, வேருக்குப் போகிற தண்ணீரில் பெரும்பங்கு அதுதான். மஸ்கட்டில் 40 டிகிரிக்கு மேல் கொளுத்தும்போது இங்கே 25-ஐ ஒட்டி நிற்கும், மலை முழுக்கப் புல். உச்சியைத் தாண்டி வடக்குப் பக்கம் இறங்கினால் சில கிலோமீட்டரிலேயே பச்சை முடிந்து பாலை தொடங்கிவிடும். நம்மூர் சர்ச்சுகளில் புகை போடுகிற குந்திரிக்கம் இருக்கிறதே, அதுபோன்ற வாசனைப் பிசின் தருகிற மரம் இந்தக் காய்ந்த பக்கத்துப் பள்ளத்தாக்குகளில்தான் நன்றாக வரும். அங்கே அதற்குப் பெயர் லுபான்.

புல் இருப்பதால் இவர்களுக்கு மாடுதான் சொத்து. அரேபியா என்றால் ஒட்டகம் என்று பழகிய நமக்கு இது விசித்திரமாக இருக்கும். குட்டைக் கால், சின்ன உடம்பு, நம் நாட்டு மாட்டைவிடக் குள்ளம். கரீஃபில் சேறு வழுக்குவதாலும் ஈத்தொல்லையாலும் ஒட்டகங்களைச் சமவெளிக்கு ஓட்டிவிடுவார்கள், மாடு மலையிலேயே இருக்கும். கரீஃப் வருவதற்கு முந்தைய வறட்சி மாதங்களில் மாட்டுக்கு என்ன போடுவார்கள் தெரியுமா? மத்திக் கருவாடு. கடற்கரை மணலில் காயவைத்த மத்தியை மூட்டை மூட்டையாக மேலே ஏற்றுவார்கள். அந்த வாசனையோடு ஒரு பிக்கப் வண்டி கடை வாசலில் அரைமணி நேரம் நின்றால் அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்காது. மாடு என்னவோ ஆசையாகத்தான் தின்கிறது.

இந்தக் கருவாட்டை வைத்தே சொல்லலாம், “தனித்து வாழ்ந்தவர்கள்” என்பது பாதிதான் உண்மை. நெய், விறகு, லுபான் கீழே போனது; மீன், தானியம், துணி மேலே வந்தது. சலாலாவுக்குக் கிழக்கே கோர் ரோரி என்ற இடத்தில் சும்ஹுரம் என்கிற பழைய துறைமுகம் இருக்கிறது, இந்தப் பகுதி லுபான் கப்பல் ஏறிய இடம். அங்கே 2006-ல் தோண்டியபோது தமிழ் பிராமி எழுத்துள்ள ஒரு பானையோடு கிடைத்தது, அதில் ‘ணந்தை கீரன்’ என்று இருப்பதாகப் படித்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட 2,000 வருஷம் முன்னால் நம்மாள் ஒருவருடைய பாத்திரம் அங்கே வரைக்கும் போயிருக்கிறது. அப்புறம் எங்கே உலகம் அறியாத பழங்குடி?

சரி, மொழி. ஷஹ்ரி என்றும் ஜிப்பாலி என்றும் சொல்கிறார்கள். இது அரபியின் வட்டார வழக்கு இல்லை. இரண்டும் செமிட்டிக் என்கிற ஒரே மொழிக் குடும்பம்தான், ஆனால் தமிழ் மட்டும் தெரிந்தவருக்குத் துளு எவ்வளவு புரியுமோ அவ்வளவுதான் மஸ்கட்காரருக்கு இது புரியும். மெஹ்ரி, சொகோத்ரி, ஹர்சூசி, ஹோப்யோத், பத்ஹரி என்று இதற்கு ஐந்து உறவு மொழிகள், எல்லாம் ஓமான், ஏமன் பக்கம்தான். ஒரு ஒலி இருக்கிறது: ‘ல’ சொல்ல நாக்கை எப்படி வைப்பீர்களோ அப்படி வைத்துக்கொண்டு ‘ஸ’ சொல்லிப் பாருங்கள், கன்னத்தின் ஓரமாகக் காற்று சீறும். கடையில் கூட்டத்துக்கு நடுவே யார் மலைக்காரர் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது இந்தச் சீறல்தான். ஒருமை, பன்மை தவிர இரண்டு பேருக்கென்று தனி வடிவமும் உண்டு. வளைகுடாப் பேச்சு அரபி அதை வினைச்சொல்லில் எப்போதோ தொலைத்துவிட்டது.

இந்த மொழியின் வரலாற்றிலேயே எனக்குப் பிடித்த பகுதி: ஷஹ்ரா என்கிற குலத்தார்தான் மலையின் பழைய குடிகள் என்று கருதப்படுகிறார்கள். பின்னால் வந்து ஏறிய கரா குலத்தார் நிலத்தைப் பிடித்தார்கள், ஷஹ்ராக்களைத் தங்களுக்குக் கீழே வைத்தார்கள், ஆனால் பேசக் கற்றுக்கொண்டது அவர்கள் மொழியை. தோற்றவன் பெயரால் இன்றைக்கும் மொழி இருக்கிறது.

மதத்துக்கு வருவோம். சன்னி முஸ்லிம்கள், அதில் ஷாஃபி என்கிற சட்ட வழி. ஓமானின் உட்பகுதியில் இபாதி என்கிற வேறொரு இஸ்லாமியப் பிரிவு அதிகம், தோஃபாரில் அப்படி இல்லை. காயல்பட்டினம், கீழக்கரைக்காரர்களும் ஷாஃபி என்பதால் அவர்களுக்கு இங்கே தொழுகையில் அந்நியம் தெரியாது. தர்காவும் உண்டு. மலைமேல் அய்யூப் நபியின் அடக்கத்தலம், மிர்பாத்தில் இரட்டைக் கும்மட்டம் வைத்த பின் அலியின் அடக்கத்தலம். இதற்கு அடியில் மாட்டைச் சுற்றிய பழைய வழக்கங்கள் நிறைய. கண்ணேறு படாமல் இருக்கக் கறவை மாட்டுக்கு லுபான் புகை போடுவது ஒன்று. பெண்கள் மாட்டுமடியைத் தொடக்கூடாது என்று ஒரு கட்டு இருந்ததாக 1930-களில் வந்த ஆங்கிலேயப் பயணிகள் எழுதியிருக்கிறார்கள். இப்போது பல தொழுவங்களில் கறப்பது வங்கதேசத்துப் பையன், அதனால் அந்தச் சட்டத்துக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. இதையெல்லாம் வைத்து “இவர்கள் அரை முஸ்லிம்கள்” என்று எழுதிய வெள்ளைக்காரர்கள் உண்டு. வேப்பிலை கட்டுகிறவரை அரை இந்து என்று சொல்வோமா?

மதம் இவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று பார்க்க வேண்டுமானால் போரைப் பாருங்கள். சுல்தான் சயீத் பின் தைமூர் காலத்தில் மலையில் பள்ளிக்கூடம் கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது, வரியும் தடையும் மட்டும் உண்டு. 1960-களின் நடுவில் மலை கிளர்ந்தது. 1968-க்குப் பிறகு கிளர்ச்சி மார்க்சியர்கள் கைக்குப் போனது. அவர்கள் பெண்களைப் படிக்க வைத்தார்கள், ஆயுதம் கொடுத்தார்கள், அது பெரிய மாற்றம்தான். ஆனால் குலத்தையும் மார்க்கத்தையும் ஒழிக்கப் போகிறோம் என்று பெரியவர்கள்மேல் கைவைத்ததும் பலர் கழன்றுகொண்டார்கள். 1970 ஜூலையில் சுல்தானின் மகன் காபூஸ் தன் அப்பாவை இறக்கிவிட்டுப் பதவிக்கு வந்தார். காபூஸின் தாயார் இதே மலையின் மஅஷனி குலம், அது கணக்கில் வந்தது. மன்னிப்பு அறிவித்து, கிளர்ச்சியிலிருந்து வந்தவர்களையே ஃபிர்கா என்ற படைகளாகச் சேர்த்தார்கள். அவற்றின் பெயர்கள் சலாஹுத்தீன், காலித் பின் வலீத், தாரிக் பின் ஸியாத், எல்லாம் இஸ்லாமிய வரலாற்றுத் தளபதிகள். பெயரைப் பார்த்தாலே எதைச் சொல்லி ஆள் சேர்த்தார்கள் என்று தெரிந்துவிடும். பிடித்த இடத்தில் ஆழ்துளைக் கிணறு, பள்ளிவாசல், பள்ளிக்கூடம், மருந்தகம், ஒரு கடை. 1975 டிசம்பரில் போர் முடிந்ததாக அறிவித்தார்கள்.

அந்தப் பள்ளிக்கூடம்தான் மொழிக்கு வினையாக வந்தது என்பது என் எண்ணம். பாடம் முழுக்க அரபி. ஷஹ்ரிக்கென்று பரவலான எழுத்து முறையும் கிடையாது. பேசுபவர்கள் இன்னும் சில பத்தாயிரம் பேர் இருக்கிறார்கள், ஆனால் யுனெஸ்கோவின் அழியும் அபாயப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டது. கடைக்கு வரும் இளவட்டங்கள் பத்துக்கு மேல் எண்ணவே அரபிக்குத் தாவுவார்கள். ஆனால் வீட்டுக்கு வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பும்போது பாருங்கள், முழுக்க முழுக்க ஷஹ்ரி. எழுத்து இல்லாத மொழிக்கு அந்த மைக் பொத்தான் பெரிய உதவி.

நேரில் பார்க்க ஆசையிருந்தால் கரீஃப் கூட்டத்தில் ஜூலையில் போகாதீர்கள், எங்கு திரும்பினாலும் வளைகுடாச் சுற்றுலா வண்டிகள்தான். செப்டம்பர் கடைசியில் பனி விலகியதும் போங்கள். மாடுகளை மேய விட்டிருப்பார்கள், சாலையோரக் கடைகளில் சுடுகல்லில் வாட்டிய இறைச்சி கிடைக்கும், ஆட்களுக்கும் பேச நேரமிருக்கும். பெண்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். ராத்திரி மலைப்பாதையில் மெதுவாக ஓட்டுங்கள், ஒட்டகம் குறுக்கே வந்து நின்றால் அதுவாக நகரும்வரை எதுவும் செய்ய முடியாது.