ஏர் எடுத்தும் பிரேக் பெடல் இறங்கினால்

கும்பகோணம் நண்பருக்கு, கிட் காரில் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கார்) முன்னால் நாலு பிஸ்டன் காலிப்பர் (பிரேக் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) மாட்டியதிலிருந்து பிரேக் பெடல் பாதிக்கு இறங்குகிறது, மூன்று தடவை பிரேக் ஆயிலில் இருக்கும் ஏர் எடுத்தும் பலனில்லை என்கிறீர்கள். முதலில் ஏர் நிப்பிள் (காற்றை வெளியேற்றும் திருகு) காலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா பாருங்கள். இடது வலது மாறி மாட்டியிருந்தால் நிப்பிள் கீழே போய்விடும், காற்று உள்ளேயே கிடக்கும். நான் ஒரு ஞாயிறு முழுக்க இதில்தான் தொலைத்தேன்.

அது சரியாக இருந்து, பெடலும் பஞ்சாக அமுங்காமல் பாதியில் கெட்டியாக நின்றால், மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) சின்னது. அதன் உள்விட்டம் முக்கால் இஞ்சிலிருந்து 7/8 இஞ்சுக்குப் போனால் அதே மிதிக்கு சுமார் 36 சதவீதம் அதிக ஆயில் தள்ளும். ஆனால் காலும் அந்த அளவு அழுத்தி மிதிக்கணும்.

அப்புறம், பின் பிரேக்கைப் பெரிதாக்காதீர்கள். அறுவடை சமயம் ரோட்டில் காயும் நெல்மேல் பின்சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி சுற்றிப்போய் வாய்க்காலில்தான் நிற்கும்.