பஸ்கள் எப்போது ஒன்றாக வெளிக்கிடும்? பொ.ம.சி. (பொது மடங்குகளுட் சிறியது) கேள்வி-பதில்

கேள்வி: யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் இருந்து பருத்தித்துறை பஸ் 12 நிமிடத்துக்கு ஒன்று, காரைநகர் பஸ் 18 நிமிடத்துக்கு ஒன்று என்று ஒரு கணக்கு. முதல் பஸ்கள் 6.00 மணிக்கும் 6.06க்கும். பொ.ம.சி. 36 என்பதால் 6.36க்கு இரண்டும் ஒன்றாக வெளிக்கிடும் என்று மகள் எழுத, ரீச்சர் பிழை போட்டுவிட்டார். ஏன்?

36 சரி, 6.36தான் பிழை. நேரங்களை ஒருக்கால் வரிசையாக எழுதிப் பாருங்கள்: பருத்தித்துறை பஸ் 6.00, 6.12, 6.24, காரைநகர் பஸ் 6.06, 6.24. ஆக முதற்சந்திப்பு 6.24க்கு, அதற்குப் பிறகுதான் 36 நிமிடத்துக்கு ஒரு தடவை, அதாவது 7.00, 7.36 என்று போகும். பொ.ம.சி. சொல்வது ஒரு சந்திப்புக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளியை மட்டும்தான். இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கினால் மட்டுமே அதைத் தொடக்க நேரத்தோடு நேரே கூட்டலாம். காரைநகர் பஸ் 6.05க்குத் தொடங்கியிருந்தால் இரண்டும் சந்திக்கவே மாட்டா. 12, 18 இரண்டின் பொ.கா.பெ. (பொதுக் காரணிகளுட் பெரியது) 6, தொடக்க வித்தியாசம் 5 நிமிடம், 5 ஆறால் வகுபடாது, அவ்வளவுதான். பிள்ளைகள் சூத்திரத்தைப் பாடமாக்கிவிட்டு இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அது உண்மையிலேயே கவலை.

கேள்வி: ஒரு குளிசை 6 மணித்தியாலத்துக்கு ஒன்று, மற்றது 8 மணித்தியாலத்துக்கு ஒன்று. இரண்டையும் காலை 6 மணிக்குப் போட்டால்?

24 மணித்தியாலம். அடுத்த நாள் காலை 6 மணி.

கேள்வி: எண்களைப் பெருக்கிப் பொ.கா.பெ.யால் வகுத்தால் பொ.ம.சி. வரும்தானே?

இரண்டு எண்களுக்கு வரும், மூன்றுக்கு அப்படியே நம்ப வேண்டாம். 4, 6, 10ஐ எடுத்தால் பெருக்கம் 240, பொ.கா.பெ. 2, வகுத்தால் 120. உண்மையான பொ.ம.சி. 60தான். முதலில் 4க்கும் 6க்கும் 12 என்று கண்டு, அப்புறம் 12க்கும் 10க்கும் பாருங்கள்.

கேள்வி: பிரபவ முதல் அட்சய வரை 60 வருடம் என்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

வியாழன் ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 12 வருடம், சனிக்கு ஏறத்தாழ 30. இரண்டின் பொ.ம.சி. 60, அதற்குள் வியாழன் 5 சுற்று, சனி 2 சுற்று. ஆனால் உண்மைக் காலங்கள் 11.86, 29.46 வருடங்கள் என்பதால் பொருத்தம் கிட்டத்தட்டத்தான், இதைப் பிள்ளைகளுக்கும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு கூடைக் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை 4, 5, 6 ஆகக் கட்டினால் முறையே 3, 4, 5 மிச்சம். பழங்கள் 100க்கும் 150க்கும் இடையில். எத்தனை?

மிச்சங்களை வடிவாகப் பாருங்கள், மூன்றிலும் ஒரு பழம்தான் குறைகிறது. இன்னும் ஒன்றைப் போட்டால் எல்லாக் கட்டும் நிரம்பும், அப்படியானால் மொத்தம் 4, 5, 6இன் பொ.ம.சி.யான 60இன் மடங்கு. அந்த இடைவெளியில் 120 மட்டுமே உண்டு, போட்ட பழத்தைத் திரும்ப எடுத்தால் 119. மூன்றிலும் மிச்சம் 3 என்று கேட்டிருந்தால் 120உடன் 3ஐக் கூட்ட வேண்டும், விடை 123.