மழைக்காலத்தில் நசுங்கும் அட்டைப்பெட்டி

கேள்வி: ஊறுகாய் பாட்டில்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாக 3 பிளை அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்புகிறேன். வெயில் காலத்தில் பிரச்சினை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடுக்கி வைத்தால் அடிப்பெட்டி நசுங்கிவிடுகிறது. இன்னும் தடிமனான அட்டை வாங்கவா?

பதில்: அவசரப்பட்டுத் தடிமனை மட்டும் கூட்டாதீர்கள். முதலில் பெட்டியின் ஓரத்தைக் கொஞ்சம் கிழித்துப் பாருங்கள். இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் தெரியும். பெட்டியின் பலமே அந்த அலைதான்.

பல் சக்கரம் போல ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும், நீராவியால் சூடேறிய இரண்டு உருளைகளுக்கு நடுவே கிராஃப்ட் என்னும் உறுதியான பழுப்புத் தாளை விடுவார்கள். தாள் நெளிந்து வெளியே வரும். நெளிவின் முகடுகளில் மட்டும் மக்காச்சோள மாவுப் பசை தடவி, ஒரு தட்டைத் தாளை ஒட்டினால் 2 பிளை. மறுபக்கமும் ஒட்டினால் 3 பிளை. இன்னொரு நெளிந்த தாளும் இன்னொரு தட்டைத் தாளும் சேர்ந்தால் 5 பிளை. நெளிந்த தாளுக்கு 1871-இல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் காப்புரிமை பெற்றதே பாட்டில் போன்ற கண்ணாடிப் பொருள்களைச் சுற்றி அனுப்பத்தான்.

தாளும் மாவுப் பசையும் ஈரத்தை இழுப்பவை. மழை நேரடியாக நனைக்க வேண்டும் என்பதுகூட இல்லை, காற்றின் ஈரமே போதும். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் பெட்டியின் தாங்குதிறன் பாதியாகக்கூடக் குறையும். உங்களுக்கு நடப்பது இதுதான்.

சரி, என்ன செய்யலாம்? பன்னிரண்டு கண்ணாடி பாட்டிலுக்கு 5 பிளைக்கு மாறுங்கள். நெளியின் கோடுகள் பெட்டிச் சுவரில் மேலிருந்து கீழாக, தூண் போல நிற்க வேண்டும். தாள் மிச்சம் பிடிக்கப் படுக்கை வாட்டத்தில் வெட்டித் தந்தால் எத்தனை பிளை இருந்தாலும் வீண், வாங்கவே வாங்காதீர்கள். ஜிஎஸ்எம் மட்டும் கேட்காமல் பிஎஃப் எவ்வளவு என்றும் கேளுங்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராம் கணக்கில்; பிஎஃப் அந்த எடைக்குத் தாள் எவ்வளவு அழுத்தம் தாங்கிக் கிழியும் என்பதற்கான அளவு. 150 ஜிஎஸ்எம், 20 பிஎஃப் தாள் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ தாங்கும்.

அப்புறம், பெட்டிகளை வெறும் தரையில் வைக்காதீர்கள், மரப்பலகை போடுங்கள். மூலைக்கு மேல் மூலை வருமாறு அடுக்குங்கள். செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி அடுக்கினால், மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் பலவீனமான நடுச்சுவரில் போய் உட்காரும்.