கரௌசியஸ் நாணயங்களில் சேமிப்பைப் போடலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் வேலை செய்கிறேன். மொத்தச் சேமிப்பு 4,000 பவுண்டு. ரோமிடமிருந்து பிரிந்து பிரிட்டனை ஆண்ட கரௌசியஸின் நாணயங்கள் என்று சொல்லி, இனம் பிரிக்காத 30 செம்பு நாணயங்களை 2,500 பவுண்டுக்குத் தருவதாக ஒருவர் கூறுகிறார். முதலீடாக வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கி.பி. 286 முதல் 293 வரை ஆண்ட கரௌசியஸின் நாணயங்கள் எனக்கும் மிகப் பிடித்தமானவை. ஆனால், அவசரத் தேவைக்கென்று இருக்கும் ஒரே பணத்தில் பாதிக்கு மேல் எடுத்து, நினைத்த நாளில் விற்க முடியாத பொருளில் முடக்குவதை என்னால் ஆதரிக்க முடியாது.

பழமை மட்டுமே விலையைத் தந்துவிடாது. சாமர்செட்டில் ஃப்ரோம் என்னும் ஊருக்கு அருகே 2010இல் கிடைத்த ஒரே பானையில் 52,503 நாணயங்கள் இருந்தன. அவற்றில் 760க்கும் மேற்பட்டவை கரௌசியஸுடையவை. தெனாரியஸ் எனப்படும் அவருடைய வெள்ளி நாணயங்களோ ஐந்தே ஐந்து. நீங்கள் குறிப்பிடும் செம்பு வகையில், கதிர்முடி அணிந்த தடித்த கழுத்தும் தாடியுமான முகம் ஒரு பக்கத்திலும், ஒலிவக் கிளையும் செங்கோலும் ஏந்திய அமைதித் தேவி மறுபக்கத்திலும் இருப்பதே மிகச் சாதாரணமாகக் கிடைப்பது. அந்தத் தேவியின் காலடியில் ‘எம்எல்’ என்ற எழுத்துகள் தெரிந்தால் அது லண்டன் அக்கசாலையில் அச்சானது. அதே பக்கத்தில் விளிம்பைச் சுற்றி வரும் எழுத்துகளின் முடிவில் ‘ஜி’ மூன்று முறை வந்தால், அப்போது ரோமை ஆண்ட டயோக்ளீஷியனையும் மாக்சிமியனையும் தமக்குச் சமமான சகோதரப் பேரரசர்களாகக் காட்டிக்கொள்ள கரௌசியஸ் வெளியிட்டது. இந்த எழுத்துகள் தேய்ந்துபோயிருந்தால் விலையும் அதோடு தேய்ந்துவிடும்.

அதைவிட முக்கியமானது, அவை எங்கே கிடைத்தன என்பது. இங்கிலாந்தில் ஒரே இடத்தில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இத்தகைய பழைய செம்பு நாணயங்களைக் கண்டெடுத்தவர், புதையல் சட்டப்படி 14 நாட்களுக்குள் தெரிவித்தாக வேண்டும். 30 நாணயங்களுக்கும் ஒரு காகிதம்கூட இல்லையென்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

விற்கும்போது ஏற்படும் இழப்பையும் கணக்கிடுங்கள். ஏலத்தில் 100 பவுண்டுக்கு எடுக்கும் நாணயத்துக்கு 20 சதவீதக் கட்டணம் சேர்ந்தால் 120 ஆகிறது. அதே 100க்கு விற்று 15 சதவீதக் கழிவு போனால் கைக்கு வருவது 85.

ஆசை விடவில்லை என்றால், மாதச் சம்பளத்தில் மிஞ்சுவதிலிருந்து, எழுத்துகள் தெளிவாக உள்ள, முந்தைய உரிமையாளர் விவரத்தோடு வரும் ஒரே ஒரு நாணயத்தை வாங்குங்கள். அரிப்பின் அடையாளமான வெளிர்பச்சைப் பொடி உதிர்கிறதா, போலியின் அடையாளமான வார்ப்புக் கோடு விளிம்பில் ஓடுகிறதா என்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். அந்த 4,000 பவுண்டு வங்கியிலேயே இருக்கட்டும்.