வெறுங்கையில் விபூதி வருவது எப்படி? அது வித்தையா, மோசடியா?

சலித்த விபூதியில் நீர்த்த சோற்றுக் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிசைந்து, கோலிக்குண்டைவிடச் சிறிய உருண்டையாக்கி உலர்த்துவார்கள். அதைக் கட்டைவிரல், சுட்டுவிரல் இடுக்கில் செருகிக்கொண்டால், உள்ளங்கையைக் காட்டினாலும் தெரியாது. கையைக் கவிழ்த்துச் சுழற்றுவது சும்மா இல்லை. உருண்டையை விரல்நுனிக்கு நகர்த்தும் சின்ன அசைவு அதில் மறைந்துவிடும். பிறகு நசுக்கினால் தூள் கொட்டும். கஞ்சி கெட்டியாக இருந்தால் உருண்டை உடையாது. போதாவிட்டால் முன்கூட்டியே உதிரும். கை வியர்த்தாலோ பிசுபிசுத்துக் காரியமே கெடும்.

எலுமிச்சையில் 'ரத்தம்' வரவைப்பது இன்னும் எளிது. கத்தியில் செம்பருத்தி இதழைத் தேய்த்துக் காயவிட்டால் போதும், அமிலம் பட்டதும் சிவக்கும்.

மேடையில் இதைச் செய்தால் வித்தை. பார்ப்பவர் ஏமாறச் சம்மதித்துத்தான் டிக்கெட் வாங்குகிறார். அதே உருண்டையை அருள் என்று கொடுத்து, சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அது அப்பட்டமான மோசடி.

கொழும்பில் தாவரவியல் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர், ஏமாற்ற வழியில்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963-இல் அறிவித்தார். 1978-இல் அவர் இறக்கும்வரை யாரும் அதை வெல்லவில்லை.

சோதிக்க நினைத்தால், விரல்களை அகல விரித்து முன்னும் பின்னும் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அன்று 'நேரம் சரியில்லை' என்பார்கள்.