மரத் துண்டுப் படத்தில் வண்ணம் பூசுவதற்கு முன்பே பலகையை அறுப்பது ஏன்?

ஒரே பலகையில் வரைந்த படத்தை, நூல் போன்ற அலகு மேலும் கீழும் ஓடும் ஸ்க்ரோல் சா இயந்திரத்தால் பகுதி பகுதியாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி வண்ணம் ஏற்றி, மீண்டும் பின்பலகையில் சேர்த்து ஒட்டுவதே மரத் துண்டுப் படம். முதலிலேயே அறுப்பதற்குக் காரணம், மரத்தின் நார் ஈரச் சாயத்தை உறிஞ்சிப் பக்கத்துப் பகுதிக்கும் பரப்பிவிடும் என்பதுதான். கோலத்தில் வெள்ளைக் கோடு வண்ணப் பொடிகளைப் பிரித்து நிறுத்துவது போல, அறுத்த இடைவெளி அதைத் தடுக்கிறது.

கிளிப் படம் என்றால், இறகுத் துண்டுகளின் மேல் விளிம்பை உப்புத்தாளால் வளைவாகத் தேய்த்து, நீர்த்த சாயம் பூசினால், மர ரேகையும் தெரியும், இறகுகளுக்கிடையே நிழலும் விழும். கெட்டிப் பெயின்ட் அந்த அழகை மூடிவிடும்.

பல நிறங்களுக்குப் பல மரங்கள் வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது வெவ்வேறு நிற மரத் துண்டுகளைப் பலகையில் பதிக்கும் மைசூர் மரப் பதிப்பு வேலையின் வழி, இதற்கு ஒரே பலகை போதும்.